சுக்குக் களத்துக்கு மேலே

ட்ரோனைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் ஒரே வித்தையைத்தான் காட்டுவேன். அதை ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றி நிறுத்திவிட்டு, கன்ட்ரோலரிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிடுவேன். பார்ப்பவர்கள் பதறுவார்கள். அது விழாது, நகரவும் நகராது. காற்றடித்தால் கொஞ்சம் சாய்ந்துகொடுத்து அதே இடத்தில் நிற்கும். "பாத்தீங்களா? கைவிட்டா நிக்கும். இதவிட சேஃபான சாதனம் உண்டோ?" என்பேன். ஏதோ நானே அதைச் செய்த மாதிரி ஒரு பெருமை.

மட்டாஞ்சேரியில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. பாஸ்போர்ட் போட்டோ, கல்யாணம், காதுகுத்து. அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து மிளகு மண்டிக்கு வேலைக்கு வந்தவர், நான் இங்கேயே பிறந்தவன். என் தமிழில் பாதி மலையாளம் என்று தென்காசி சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். என் மலையாளத்தில் பாதி தமிழ் என்று இங்கே சிரிப்பார்கள். எனக்கு இரண்டு சிரிப்புக்கும் கோபம் வரும்.

கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லோரும் "ட்ரோன் உண்டோ?" என்று கேட்கத் தொடங்கிய பிறகு, வேறு வழியில்லாமல் ஒன்று வாங்கினேன். தொழிலுக்கு என்றுதான் வாங்கினேன். முதல் நாளே அது தொழிலாக இல்லாமல் போய்விட்டது. படகு ஜெட்டிக்குப் பக்கத்தில் நின்று, காயலுக்கு, அதாவது எங்கள் ஊர் உப்பங்கழிக்கு மேலே ஏற்றினேன். பிறந்ததிலிருந்து பார்க்கும் தண்ணீர் அது. கலங்கலாக, டீசல் வாடையோடு, குப்பை மிதந்துகொண்டு இருக்கும் தண்ணீர். மேலே போனதும் திரையில் வேறொன்று தெரிந்தது. கடலிலிருந்து ஏறும் பச்சைத் தண்ணீரும் ஆற்றிலிருந்து இறங்கும் மண் நிறத் தண்ணீரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, கலக்காமல், நடுவில் ஒரு கோடு போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. கடந்துபோன படகின் தடம், படகு கரை சேர்ந்த பிறகும் தண்ணீரில் விரிந்துகொண்டே இருந்தது. ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்றில் ஏழெட்டுக் கொக்குகள் உட்கார்ந்தபடியே ஊர் போய்க்கொண்டிருந்தன. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இத்தனை வருஷமும் இந்த ஊரில் என்னத்தைப் பார்த்தேன் என்று இருந்தது. உண்மையைச் சொன்னால், கண் நிறைந்துவிட்டது.

அதன் பிறகு தினமும் போனேன். பறக்கவிடும் முன் பார்க்கவேண்டிய வரைபடம் ஒன்று உண்டு. அதில் எங்கள் பகுதி சிவப்பாக இருந்தது. துறைமுகமும் கடற்படையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன, அனுமதி இல்லாமல் ஏற்றக் கூடாது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, இவ்வளவு சின்னப் பொருளை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று மூடிவிட்டேன். படகு நிறைய ஆட்கள் போகும்போது அவர்கள் தலைக்கு நேர் மேலே கொண்டுபோனேன். ஒரு தடவை செம்பருந்து ஒன்று சுற்றிச் சுற்றி வந்து காலை நீட்டியது. பயந்து இழுத்துக்கொண்டு வந்தேன், மறுநாள் அதே இடத்துக்கே மறுபடியும் போனேன். தண்ணீரில் விழுந்தால் என் சாமான்தானே போகும் என்பதற்கு மேல் எனக்கு யோசனை ஓடவில்லை. கீழே இருப்பவர்கள் என் திரையில் தலையும் நிழலுமாகத்தான் தெரிந்தார்கள்.

அப்போதுதான் சுக்குக் கிடங்கு முதலாளி கூப்பிட்டனுப்பினார். வெளிநாட்டில் வாங்குகிறவர்களுக்குக் காட்ட, அவருடைய களத்தை மேலிருந்து படம் எடுக்கவேண்டும். எங்கள் தெருக்களில் இன்னும் மிஞ்சியிருக்கும் பழைய கிடங்குகளில் அதுவும் ஒன்று. நாலு பக்கமும் ஓட்டுக் கட்டடம், நடுவில் வெயில் விழும் பெரிய முற்றம். அதுதான் களம். இஞ்சியைச் சுண்ணாம்பு தூவி அங்கே காயவைப்பார்கள். சுண்ணாம்பு தூவும் நாளில் களம், தூண், ஆட்கள் எல்லாமே வெள்ளையாகத்தான் இருக்கும். நான் போனதும் அப்படி ஒரு நாள்தான்.

வேலைக்கு நாலைந்து பெண்கள், எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். புடவைக்கு மேலே ஆண்கள் சட்டை, தலையையும் வாயையும் மூடிக் கட்டிய துண்டு. அவர்களில் மூத்தவர் உசிலம்பட்டிப் பக்கத்து அக்கா. எனக்கும் அவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது இருக்கும். ஆனால் அவரைப் பார்த்ததுமே அக்கா என்றுதான் வாயில் வந்தது. உள்ளே நுழைந்த இரண்டு நிமிஷத்தில் அவரிடம் இரண்டு தடவை திட்டு வாங்கியதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதல் திட்டு, குறுக்கே நடக்கப்போனதற்கு. களத்தில் சுக்கு நீளநீளப் பாத்திகளாகப் பரப்பியிருந்தது. பாத்திக்கும் பாத்திக்கும் நடுவில் ஒரு பாதம் வைக்கிற அளவுக்கு வழி. "ஏண்ணே, அது என்ன ரோடா? வழியில வாங்க. எங்க மொதலாளியே சுக்க மிதிக்க மாட்டாரு" என்றார். இரண்டாவது திட்டு, குழாயடியில் நிறைந்து நின்ற வாளியில் கை கழுவப்போனதற்கு. "அதுல கைய விடாதீங்க. அது கண்ணுத் தண்ணி."

சுண்ணாம்பு தூவும் நாளில் அந்த வாளி நிறைந்தே இருக்கவேண்டுமாம். யாரும் அதில் குடிக்கவும் கூடாது, கழுவவும் கூடாது. குழாயில் எப்போது தண்ணீர் நிற்கும் என்று சொல்லமுடியாது, கண்ணில் விழுந்தால் அந்த நேரத்தில் தண்ணீர் தேடக் கூடாது. அதற்காக ஒரு வாளி சும்மா காத்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பாக இருந்தது. படம் எடுக்க வந்தவனை இவ்வளவு சட்டம் பேசி மிரட்டுகிறார்களே என்று கொஞ்சம் எரிச்சலும் வந்தது. என் பங்குக்கு அவர்கள் முன்னால் அந்த வித்தையைக் காட்டினேன். கைகளை எடுத்தேன், ட்ரோன் நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும், "நிக்குது சரி. எறங்கும்போது சுக்கு மேல எறங்கிராம" என்றார்.

மாடி வராந்தாவில் நின்றுகொண்டு களத்துக்கு மேலே ஏற்றினேன். திரையைப் பார்த்ததும் காயல் மறந்துபோனது.

அக்கா நீளக் கம்பில் பலகை வைத்த ஒரு கட்டையால் சுக்கை இழுத்துக் கிளறிக்கொண்டே பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார். கீழே நின்று பார்த்தால் ஒருத்தர் சுக்குக் கிளறுகிறார், அவ்வளவுதான். மேலிருந்து பார்த்தால், வெள்ளைப் பரப்பில் வரி வரியாகக் கோடு விழுந்துகொண்டே வந்தது. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைவெளி மாறவில்லை. பாத்தியின் முனை வந்ததும் ஒரு வளைவு, மறுபடியும் நேர்கோடு. இத்தனைக்கும் அவர் அதை மேலிருந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்னும் கிட்டத்தில் பார்க்கவேண்டும் என்று இருந்தது. இறக்கினேன். இன்னும் இறக்கினேன். அந்தக் கால் எப்படித் திரும்புகிறது, கட்டை எப்படிப் படுகிறது என்று பார்க்க ஆசை. திரையைத்தான் பார்த்தேன், களத்தைப் பார்க்கவில்லை. நாலு விசிறியும் எவ்வளவு காற்றைக் கீழே தள்ளும் என்று எனக்குத் தெரியும். தண்ணீருக்கு மேல் தாழ்வாகப் போனபோது தண்ணீர் வட்டமாக நடுங்கியதைப் பார்த்தவன்தான். கீழே இருப்பது சுண்ணாம்புத் தூள் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்க மட்டும் தோன்றவில்லை.

திரை திடீரென்று வெளுத்தது. நிமிர்ந்து பார்த்தால் களத்தில் ஒரு வெள்ளைப் புகை. "அய்யோ அக்கா!" என்று யாரோ கத்தினார்கள். கன்ட்ரோலரைக் கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு மாடிப்படியில் இறங்கி ஓடினேன்.

நான் போய்ச் சேரும்போது அக்கா குழாயடியில் மண்டியிட்டு, வாளிக்குள் முகத்தை முக்கியிருந்தார். இரண்டு கையாலும் இமைகளைப் பிளந்து பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே தலையை ஆட்டினார். மூச்சுக்கு வெளியே வந்தார், மறுபடியும் முக்கினார். ஒரு பெண் விளக்கெண்ணெய் கொண்டுவர ஓடினாள். "எண்ணெய் வேணாம். தண்ணி ஊத்து. நிறுத்தாத" என்றார் அக்கா. அன்று குழாயிலும் தண்ணீர் வந்தது. நான் குவளையால் மொண்டு மொண்டு ஊற்றினேன். அவசரத்தில் பாதி அவர் தோளில் கொட்டியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ட்ரோன் என்ன ஆனது என்று ஒருவருக்கும் நினைவில்லை. பேட்டரி குறைந்ததும் அது தானாகவே ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி, மாடி வராந்தாவில் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டதைப் பிறகுதான் பார்த்தேன்.

ஆட்டோவில் எறணாகுளத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்கா, நான், முதலாளி. பாலம் கடந்து தேவரா வழியாகப் போகும் சாலையில், ட்ரோன் பறக்கவிடத் தடை என்ற பலகை நின்றது. நூறு தடவை கடந்த பலகை. அன்றுதான் படித்தேன். அக்கா ஈரத் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை பேசினார். "ஒத்தக் கண்ணோட தரம் பிரிக்க விடமாட்டாகண்ணே." சுக்கை நிறம் பார்த்துத் தரம் பிரிப்பதுதான் அவர் கைக்குப் பேர்போன வேலை. கண் போனால் களமும் போகும், களம் போனால் இந்த ஊரில் அவருக்கு என்ன இருக்கிறது?

டாக்டரம்மா பார்த்துவிட்டு, இடது கண் தப்பித்தது, வலது கருவிழி வெந்திருக்கிறது, இப்போது எதுவும் சொல்லமுடியாது என்றார். உடனே இவ்வளவு தண்ணீர் விட்டுக் கழுவியிருக்காவிட்டால் பேசுவதற்கே எதுவும் இருந்திருக்காது என்றும் சொன்னார். பிறகு பேனாவைத் திறந்து, எப்படி விழுந்தது என்று கேட்டார்.

முதலாளி என்னைப் பார்க்காமலே சொன்னார். "காத்து. களத்துல பெட்டெந்நு, திடீர்னு ஒரு காத்து."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். கண்ணில் கட்டோடு அக்கா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். நானும் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும் முதலாளி என் தோளைத் தட்டினார். "காத்துன்னு பறஞ்சா மதி, அது போதும். இல்லேன்னா போலீசு வரும், நேவியும் வரும். உன் கடையும் பூட்டும், என் களமும் பூட்டும்." கெட்டவர் இல்லை அவர். வைத்தியத்துக்குக் குறை வைக்கவில்லை. என்னை மாதிரியே பயந்திருந்தார், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் ஸ்டுடியோவை உள்ளே பூட்டிக்கொண்டு அந்த வீடியோவைப் போட்டேன். அழித்துவிடத்தான் போட்டேன்.

வரிகள் வந்தன. தூள் எழும்பத் தொடங்கியது. அக்கா நின்று, துண்டை மேலே இழுத்து முகம் முழுக்க மூடிக்கொண்டார். அதுவரை கண்ணில் எதுவும் விழவில்லை. இது எனக்கு அன்று தெரியாது. அந்த நொடியில் நான் கன்ட்ரோலரின் குச்சியைக் கட்டை விரலால் மேலே தள்ளியிருந்தால் ட்ரோன் ஏறியிருக்கும், தூள் அடங்கியிருக்கும். நான் கைவிட்டேன். கைவிட்டால் அது நிற்குமே? நின்றது. அவர் தலைக்கு மேலே, அசையாமல், காற்றைக் கொட்டிக்கொண்டு நின்றது. ஏன் இன்னும் அடங்கவில்லை என்று பார்க்க அக்கா துண்டை இறக்கி அண்ணாந்தார். முகம் முழுசாகத் திரையில் தெரிந்தது. இரண்டு கண்ணும் அகலத் திறந்து என்னைப் பார்த்தன. அடுத்த நொடி எல்லாம் வெள்ளை.

ஊரெல்லாம் நான் காட்டிக்காட்டிப் பெருமையடித்த அதே வித்தை. அழிக்கும் குறியின் மேல் விரலை வைத்துவிட்டேன். அப்போதுதான் புகை கொஞ்சம் விலகி, அவர் நகர்வது தெரிந்தது.

கண்கள் இறுக மூடியிருந்தன. ஒரு கை முகத்தில். மறு கையிலிருந்த கட்டையை அவர் வீசி எறியவில்லை. குனிந்து, பாத்தி ஓரமாக, வழியிலேயே வைத்தார். பிறகு நடந்தார். அந்த ஒற்றைப் பாதம் வைக்கும் வழியில், ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு கால். முனையில் திரும்பினார். அடுத்த வழியில் நுழைந்தார். கண் வெந்துகொண்டிருக்கும்போது ஒரு மனுஷி, ஒரு துண்டுச் சுக்கைக்கூட மிதிக்காமல் குழாயடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். காயலுக்கு மேலே நான் பார்த்த எதுவும் இதற்கு ஈடில்லை. என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. நிறுத்திவிட்டு, மேஜையில் தலையை வைத்து அழுதேன். அழிக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அவர்கள் தங்கியிருந்த அறைக்குச் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக்கொண்டு போனேன். கூட இருந்த பெண்கள் நேரம் தவறாமல் சொட்டு மருந்து விட்டார்கள். இன்று சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் போவேன். அக்கா கட்டோடு உட்கார்ந்துகொண்டு, பாதி மலையாளமான என் தமிழைக் கிண்டலடிப்பார். எனக்குக் கோபம் வராது. சாயா கிளாசைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

கட்டுப் பிரிக்கும் நாளில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பிரித்தார்கள். வெளிச்சம் தெரிகிறது, உருவம் தெரிகிறது, கொஞ்ச நேரம் பழகட்டும், மறுபடி உள்ளே வரச் சொல்லிப் பார்க்கிறேன் என்றார் டாக்டரம்மா. வெளி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிச் சிமிட்டிக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார்.

"அந்தப் படத்தக் குடுங்க."

"எந்தப் படம்?"

"அன்னிக்கு எடுத்தீகளே. இருக்கில்ல?"

இருந்தது. இல்லை என்று சொல்ல அரை நொடி போதும். போனை எடுத்து, ஓடவிட்டு, அவர் கையில் கொடுத்தேன். அவர் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வெந்துபோன வலது கண்ணுக்குக் கிட்டத்தில் போனைப் பிடித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்தேன்.

போனை இன்னும் கிட்டத்தில் இழுத்தார். பிறகு, "கோடு தெரியுதுண்ணே" என்றார். "இது நான் போட்டதா? இப்பிடியா இருக்கு?" எனக்கு மூச்சு வந்தது.

தூள் எழும்பியது. அவர் துண்டால் மூடியது, அது நின்றது, அவர் அண்ணாந்தது. "இப்பத்தான் நான் கைய எடுத்தேன்" என்று சொன்னேன். "மேல ஏத்தியிருக்கணும். கைய எடுத்துட்டேன், அக்கா. அதனாலதான் அது அங்கயே நின்னுச்சு." அவர் 'ம்' என்றார். கண்ணை எடுக்கவில்லை. கட்டையை வைப்பது, நடப்பது, திரும்புவது. நான் நிறுத்திய இடத்தைத் தாண்டி வீடியோ ஓடியது. அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது.

திரையின் கீழ் ஓரத்திலிருந்து ஒரு ஆள் ஓடிவந்தான். பாத்திகளுக்குக் குறுக்கே, செருப்புக் காலோடு, அத்தனை வரியையும் மிதித்துச் சிதறடித்துக்கொண்டு. இரண்டு இடத்தில் சறுக்கி, சுக்கை வாரியடித்து எழுந்தான்.

"யாருண்ணே அது, எரும மாதிரி சுக்கு மேல ஓடுறது?"

"நான்தான்" என்றேன்.

அக்கா சிரித்தார். வலது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். "கண்ணு நல்லாத்தான இருந்துச்சு ஒங்களுக்கு?" பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார். சிரிப்பு நின்றிருந்தது.

"உள்ள காத்துன்னு எழுதி வச்சிருக்காக. போயி மாத்தி எழுதச் சொல்லுங்க."

"போலீசுக்குப் போகும், அக்கா."

"போகட்டும். காத்துன்னு எழுதி வச்சா, அடுத்த ஆளு மேலயும் காத்துதான் அடிக்கும்."

எழுந்தேன். டாக்டரம்மாவின் அறை வராந்தாவின் அந்தக் கடைசியில். நடுவில் ஒரு பெண் அப்போதுதான் தரையைத் துடைத்துவிட்டு, வாளியோடு நகர்ந்துகொண்டிருந்தாள். தரை முழுக்க ஈரம்.

"ஓரமாப் போங்கண்ணே" என்றார் அக்கா பின்னாலிருந்து. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரோரமாக நடந்தேன்.